ஏணியைப் பிடிப்பதற்கு முன்

துபாய், 9.8.1979

அப்பாவுக்கு வைரக்கண்ணு வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? குத்தகை நிலத்து வழக்கு என்ன ஆயிற்று?

எனக்குக் கப்பலடியில் மூழ்கிப் பாசி சுரண்டும் வேலைதான். போன வாரம் ஒரு வேடிக்கை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நீந்துவதற்குக் காலில் ரப்பர் துடுப்பு மாட்டியிருப்போம். படகின் ஏணியைப் பிடித்த பிறகுதான் அதைக் கழற்ற வேண்டும். அன்று மேலே வந்து பார்த்தால், படகில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். என்னையறியாமல் தண்ணீரிலேயே இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். ஏணியைப் பிடிக்கக் கை இல்லை. பதற்றத்தில் துடுப்புகளையும் நழுவவிட்டேன். நீரோட்டம் என்னையும் இழுத்துப் போனது. வெறுங்காலால் எவ்வளவு உதைத்தும் படகுப் பக்கம் நகர முடியவில்லை. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டியிருந்த ஈயக்கட்டியை அவிழ்த்துவிட்டு மல்லாந்து மிதந்தேன். உடன் வேலை செய்யும் நாகூர் மூஸா கயிறு வீசி இழுத்தார். முதுகிலிருந்த காற்று உருளையை மேலே கொடுத்துவிட்டு ஏறினேன்.

“ஏணியப் பிடிக்காம ஏம்ப்பா கழட்டுன?” என்று மூஸா கேட்டார். மறந்துவிட்டேன் என்றேன். பண்ணையார் தெருவில் நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் நாலு வரியோடு முடித்துவிடுகிறீர்கள். கொஞ்சம் நீட்டி எழுதுங்கள். உங்கள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், அம்மாவுடையதையும். மூஸா ஊருக்கு வரும்போது செருப்பு கொடுத்தனுப்புகிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. புதுச் செருப்பை அந்தத் தெருவில் காலிலேயே போட்டு நடங்கள். கையில் எடுக்கத்தான் தோன்றும். எனக்கு நடுக்கடலிலேயே தோன்றியது.

மகன்
வைரக்கண்ணு