இரண்டு போனுக்கு ஒரு நிரல்

மார்ச் 4, 2025

நோன்பு மாதம், பள்ளி சீக்கிரம் விடுகிறது. எங்கள் பள்ளி வேன் செயலியில் புது நேரத்தை நான் ஆண்ட்ராய்டில் மாற்றிவிட்டேன். ஐபோனுக்கு எழுதுவது கிளாரன்ஸ். மறந்துவிட்டான். ரெம்பியாவில் ஐபோன் வைத்திருக்கும் ஒரு தாய் பழைய நேரத்துக்கே வந்திருக்கிறார். அதுவரை முதலாம் ஆண்டுப் பிள்ளையுடன் சந்தியில் நின்றவர் வேன் ஓட்டும் ராமையா அண்ணன்.

மார்ச் 5

கிளாரன்ஸ் சொன்னான்: "போதும் அனு. ஒரே வேலைய ரெண்டு பேரு எழுதற கூத்து வேணாம். ஃப்ளட்டர், இல்ல ரியாக்ட் நேட்டிவ். நீயே ஒன்ன எடு. ஒருக்கா எழுதுனா ரெண்டுலயும் ஓடும்லா."

இதே வாக்குறுதியை 1998இல் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் கேட்டோம். அன்று ஜாவா. அவன் நம்பினான், நான் நம்பவில்லை. அவன் கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல், என்னுடையதில் பொத்தான்களைத் திரைக்கு வெளியே தள்ளியிருந்தது. கேண்டீனில் மீ கோரெங் ஆறிப்போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

மார்ச் 9

ஒரே நிரல் என்றால் ஓர் ஆள் போதும். இதை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வெள்ளிதோறும் அலோர் காஜா கடையில் தே தாரிக் தேநீர். இரண்டு போனையும் மேசையில் வைத்து, அவன் வேலையில் நானும் என் வேலையில் அவனும் குறை தேடுவோம். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

ஃப்ளட்டர் என்றேன். அதற்கு டார்ட் மொழி வேண்டும். இருவருக்கும் தெரியாது.

"ரியாக்ட்னா ஜாவாஸ்கிரிப்ட். ஒனக்குத் தூக்கத்துலகூட வரும். அத விட்டுட்டு ஏன் இது?"

"சேர்ந்து படிச்சிக்கலாம்."

கோப்பையையே பார்த்தான். "ரெனீக்கு ஜூன்ல பிள்ள பொறக்குது. பெர்த்துக்கே குடிவந்துருங்க டாடிங்கறா. ஒங்கிட்ட எப்டி சொல்றதுன்னுதான்..."

மார்ச் 15

போகட்டுமே. மக கூப்பிட்டா போகாம இருப்பானா? எனக்கென்ன.

— எனக்கென்னவா?

மார்ச் 17

ரியாக்ட் நேட்டிவ். தனியாகப் பார்த்துக்கொள்ள, தெரிந்த மொழிதான் சரி. கிளாரன்ஸுக்கு ஒரு வரியில் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

ஆகஸ்ட் 12

கிளாரன்ஸ் பெர்த் போய் இரண்டு மாதமாகிறது. செர்காம் பாதையின் நேரத்தை ஒருமுறைதான் மாற்றினேன். இரண்டு போனிலும் மாறியது. சரி, இந்தமுறை நம்புகிறேன்.

ராமையா அண்ணன் வேனை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார். ஒரு கையில் அவர் போன், மறு கையில் மனைவியின் ஐபோன்.

"முன்ன ரெண்டும் மாமியார் மருமக மாதிரி முறைச்சிக்கிட்டு இருக்கும்மா. இப்ப ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்குலா. நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்களோ?"

"ஆயிட்டோம் அண்ணே" என்றேன்.