இரண்டாவது கோடு

சுக்மனியாவுக்கு,

யானை விலை போகவில்லை. அதற்காகக் கலங்காதே, நானும் சம்பாகலியும் சௌராஹாவில் வேளைக்குச் சாப்பிடுகிறோம். உன் முழங்கால் வலி தேவலையா? மகளின் இருமல் நின்றதா?

ஓட்டல்காரர் தேஜ்பகதூர், ரத்தம் பார்த்தால்தான் வாங்குவேன் என்றார். கால்நடை டாக்டர் சம்பாகலியின் காதிலிருந்து ரத்தம் எடுத்து, ஒரு சொட்டைச் சிறு பட்டையில் விட்டார். ஒரு கோடு வந்தால் விற்கலாம். இரண்டு வந்தது.

"காசநோய்க் கிருமி உள்ள போயிருக்கு, உடம்பு அதோட சண்ட போடுது. முத்திடுச்சுன்னு அர்த்தமில்ல. ஆனா இவ எங்கயும் நகரக் கூடாது. மனுசங்ககிட்டருந்துதான் பெரும்பாலும் ஒட்டும். வீட்ல யாராச்சும் இருமுறாங்களா, சாகுஜி?"

டாக்டர் இப்படிக் கேட்டதும் எனக்கு மகளின் நினைப்புதான் வந்தது.

இப்போது ஆற்றோரம் தனிக் கொட்டகையில் இருக்கிறோம். மற்ற பாகன்கள் கிட்டே வருவதில்லை. பரசு என்கிற பாகன் தூரத்தில் நின்றே கத்துகிறான்: "சாகுஜி, யானைய விக்க வந்தீங்க, இப்ப யானை உங்கள வாங்கிப் போட்டுச்சே!" நானும் சிரித்துவைத்தேன். மாத்திரையை நெல்லோடும் வெல்லத்தோடும் புல்லில் பொதிந்து கொடுத்தால், என் கையிலிருந்து மட்டும்தான் வாங்குகிறாள்.

மகளை நாளைக்கே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சளியைக் காட்டு. நீயும் காட்டு. தடித்த கம்பளியும் கொஞ்சம் கருவாடும் அனுப்பு. பழைய ரேடியோவையும் அனுப்பு, ஏதாவது பேச்சுச் சத்தம் கேட்டால் போதும்.

பஸ்காரர் கடிதத்துக்காக நிற்கிறார். தேஜ்பகதூரோடு பேசி முடித்துவிட்டேன்: தீனி அவர் செலவு, மருந்து என் செலவு, விலை முன்பு பேசியதில் பாதி. ஒரு வருடம் மருந்து முடிந்து, நோய் தீர்ந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பணம். அதுவரை இங்கேயே இருந்து கூலியில்லாமல் அவளுக்கு நான்தான் பாகன்.

பிர்ஜுலால்