இடக்கைக் காவலர்

6 ஜனவரி 2025, திங்கள்

செங்கல்பட்டில் பாதிப் பேருக்கு என் நாத்தனார் சௌந்தரவல்லி சொல்லி முடித்துவிட்டாள். நேற்று ஓர் அறுபதாம் கல்யாண வீட்டில் என் முதுகுக்குப் பின்னாலேயே: "அண்ணா போனதுக்கப்புறம் மன்னிக்குப் பொழுதே போகலை, பாவம். அதான் காலேஜ்ல சேந்துட்டா."

தவறு. என் கணவர் 2023 ஆகஸ்டில் போனார். நான் விண்ணப்பித்தது அதே வருடம் ஜூனில். அதில் என் புகைப்படத்தை ஒட்டியதே அவர்தான். கோணலாக ஒட்டினார், நான் பிரித்து நேராக ஒட்டினேன். எழுபத்தொரு வயதில் பொழுதைப் போக்க யாரும் மின்சார ரயிலில் நின்றுகொண்டு சென்னைக்குப் போவதில்லை. நான் முதுகலையில் கலை வரலாறு படிக்கிறேன். இறுதிப் பருவம்.

13 ஜனவரி, போகி

அவர் எண்பதுகளில் ஞாயிறுதோறும் மாமல்லபுரம் பக்கம் அலைந்து எடுத்த ஸ்லைடுகள், நாற்பது. அட்டைச் சட்டங்களில் எல்லாம் பூஞ்சை. பிலிம் துண்டுகளை மட்டும் உருவி, புதிய பிளாஸ்டிக் சட்டங்களில் போட்டேன். இரண்டு நாள் வேலை. பழைய அட்டைகளை விடியற்காலையில் போகி நெருப்பில் போட்டாயிற்று. ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் ஒரு சிவப்புச் சொட்டு. என்னுடைய பழைய நகப்பூச்சு. என் சாமான்களை எடுத்து எதையாவது செய்வார், கேட்கமாட்டார்.

இப்போது பெட்டி சுத்தமாக இருக்கிறது.

20 பிப்ரவரி

கண்டுபிடித்துவிட்டேன்.

கல்பாக்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பாறைமேட்டில் ஒரு சிறு குடைவரை இருக்கிறது. அதன் வாயில்காவலர் ஒருவரை அவர் எடுத்திருக்கிறார். அதில் காவலர் இடக்கையில் தடி ஊன்றி நிற்கிறார். துறை நூலகத்தில் உள்ள ஜானகிராமன் புத்தகத்தில் அதே காவலர் வலக்கையில் ஊன்றியிருக்கிறார்! ஓய்வுபெற்ற பேராசிரியர், முப்பது வருடமாக எல்லோரும் அந்தப் புத்தகத்தைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். படத்தை இடம் வலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இனி இந்த இடக்கைதான். என் வழிகாட்டி அதிதி (என் மகளாக இருந்தால் கடைசி மகளாக இருப்பாள்) தயங்கினாள். "மேடம், ஒரு தடவை நேர்ல பாத்துட்டு எழுதலாமே." முழங்கால் அறுவை ஆகி மூன்று மாதம், மேடு ஏறக்கூடாது என்றேன். என் கணவர் எதையும் ஏனோதானோவென்று செய்தவரில்லை என்றும் சொன்னேன்.

ஜானகிராமனுக்கு ஒரு கடிதம். இரண்டு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

3 மார்ச்

ஜானகிராமனிடமிருந்து அஞ்சலட்டை. ஒரே வரி.

"அம்மையாருக்கு வணக்கம். கல்லை நேரில் பார்த்தீர்களா?"

4 மார்ச்

பதில் போடப்போவதில்லை.

9 மார்ச்

டாக்டர் படி ஏறலாம் என்கிறார். ஏறி, அந்தக் கையைப் புதிதாகப் படம் எடுத்து, விளக்கம் ஏதுமில்லாமல் அவருக்கு அனுப்புவேன்.

16 மார்ச், ஞாயிறு

ஆட்டோ பாறைக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். வேண்டா என்று பெயர், இனிப் பெண் வேண்டாம் என்று வைத்ததாம். கைகொடுத்து ஏற்றிவிட்டாள். மூச்சு வாங்க உட்கார்ந்து, ஸ்லைடிலிருந்து அச்சடித்துப் பையில் வைத்திருந்த படத்தை எடுத்தேன். எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, நம்மாளு பீச்சாங்கையில தடி வெச்சிகினு கீறாரு?"

"அவர் இடக்கையில்தான் வைத்திருக்கிறார்."

"யாரு சொன்னா? நா டெய்லி பாத்துகினு கீறேன். சோத்துக்கையிலதான் வெச்சிகினு கீறாரு. எங்க அப்பன் காலத்துலேந்தே."

என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, பின்பக்கமாகத் திருப்பி, வெயிலில் தூக்கிப் பிடித்தாள். வெள்ளைத்தாளில் நிழலாகக் காவலர் தெரிந்தார். வலக்கையில் தடி.

"இப்ப பாரு. போயி அங்கயும் பாரு."

போய்ப் பார்த்தேன். நான்கடி தள்ளி நின்று பார்த்தேன். கிட்டே போய், என் வலக்கையை அவர் வலக்கைப் பக்கம் நீட்டி, பைத்தியக்காரி மாதிரி சரிபார்த்தேன்.

"இன்னா, ஒருமாரி ஆயிட்ட? கல்லுதானே, எங்கயும் ஓடிப் போவாது. தண்ணி குடி."

மாலை. பிலிம் துண்டை நான்தான் திருப்பிப் போட்டிருக்கிறேன். அந்தச் சிவப்புச் சொட்டு! எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதற்கு அவர் வைத்த அடையாளம். நாற்பது சொட்டையும் நானே நெருப்பில் போட்டேன். சுத்தம் செய்கிறாளாம், சுத்தம்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் எப்போது கேட்டேன்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அவர் இடக்கைப் பழக்கக்காரர். பள்ளியில் அதற்காக அடி வாங்கியவர். அந்தப் படத்தைப் பார்த்த நொடியில் எனக்குச் சந்தேகமே வராததற்கு அதுதான் காரணமா?

17 மார்ச்

மாத முடிவில் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். மூன்றாம் அத்தியாயம் போனால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். சௌந்தரவல்லிக்குப் பேச இன்னும் ஒரு வருடம் கிடைக்கும். சொல்லாமல் விட்டால்? முப்பது வருடமாக யாரும் சரிபார்க்காத மேடு அது.

காலை முழுக்க இப்படி யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

பதினொரு மணிக்கு அதிதியிடம் சொன்னேன். போனில் சிரித்தாள். "மேடம், நான் முதல் வருஷம் பாடம் எடுக்கறப்ப ஒரு கோயிலையே திருப்பிக் காமிச்சேன். பின்பெஞ்ச்சில ஒருத்தன் சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. இதையே அத்தியாயமா எழுதுங்க. ஒளிக்காம."

உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் காப்பி குடித்தேன். நேற்று இறங்காத சோறும் இறங்கியது.

19 மார்ச்

பிலிமின் பளபளப்பான பக்கமே முன்பக்கம் என்று வைத்து, நாற்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதினொன்று திரும்பியிருக்கின்றன. எல்லாவற்றையும் சரிசெய்து, புதிய நகப்பூச்சு வாங்கி, மூலையில் சொட்டு வைத்தேன். கடைப்பெண், "உங்களுக்கா பாட்டி?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜானகிராமனுக்கு மன்னிப்புக் கடிதம். அரைப் பக்கம். அதற்குத்தான் நான்கு தாள் கிழித்தேன்.

28 மார்ச்

கொடுத்தாயிற்று.

9 மே

வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் லக்ஷ்மிநாராயணன் மற்ற அத்தியாயங்களைப் புரட்டவே இல்லை. "மூணாவது அத்தியாயத்துல இதை நீங்களே சொல்லியிருக்கவேண்டாமே. எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அங்கே ஆடு மேய்க்கும் வேண்டா என்ற பெண்ணுக்குத் தெரியும் சார். அடிக்குறிப்பில் பெயர் கொடுத்திருக்கிறேன்."

ஆய்வேட்டுக்கு முதல் வகுப்பு. ரயிலில் உட்கார இடமும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சௌந்தரவல்லிக்கு நானே போன் செய்தேன். "அப்போ அடுத்து என்ன மன்னி, பிஹெச்டியா?" என்றாள். கேலியா என்று யோசித்தேன். இல்லை. கேலியாகத் தெரியவில்லை.

21 மே

ஜானகிராமன் போன் செய்தார். புத்தகத்தின் மறுபதிப்பு வருகிறதாம். அவருடைய படம் மங்கலாம். என் கணவருடைய ஸ்லைடு கிடைக்குமா என்றார். குரல் நடுங்குகிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறார். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுதியதன் நகல்:

"ஐயா, ஸ்லைடைப் பயன்படுத்திக்கொள்ளலாம். படத்தின் கீழே 'புகைப்படம்: ஜெயகிருஷ்ணன்' என்று என் கணவர் பெயர் இருக்கவேண்டும். சிவப்புச் சொட்டு கீழே இடப்பக்க மூலையில் இருந்தால் அதுவே முன்பக்கம். ஆனாலும் அச்சுக்குப் போகுமுன் தாங்களோ பதிப்பகத்தாரோ ஒருமுறை அந்த மேட்டுக்குப் போய், காவலர் எந்தக் கையில் தடி ஊன்றியிருக்கிறார் என்று பார்த்து, எனக்கு எழுத்தில் பதில் அனுப்பவும்."