கைகூப்பினால் இருளும் தேர்

ஆனி 4, வியாழன்

புழுக்கம். மின்சாரம் இருமுறை போயிற்று.

நான், இரா. கோதண்டம், பாலிடெக்னிக் விரிவுரையாளர், வில்லியனூர். இக்குறிப்பின் நோக்கம்: நானே வீட்டில் செய்த உணர்வுக் கையுறைகளின் சோதனையைப் பதிவு செய்தல். இடுப்பெலும்பு முறிந்து என் வீட்டில் படுத்திருக்கும் தனம் அக்காவுக்காகச் செய்தவை. இவ்வாண்டு அவளுக்குத் தேர் இல்லை. ஆகவே நாற்புறமும் படம்பிடிக்கும் கேமராவில் தேரோட்டத்தை எடுத்து வைத்தேன். கண்ணுக்கு வி.ஆர். கண்ணாடி, கைக்கு இவை.

விதிகள்: விரல்களை மடக்கினால், தேர்வடத்தைப் பிடித்ததுபோல் கையுறை அதிரும். விரித்தால் விடும். உள்ளங்கைகள் இரண்டும் சேர்ந்தால் செப்புத் தகடுகள் தொட்டுக் காட்சி முடியும். தற்செயலாக நிகழாத சைகை என்பதால் அதைத் தேர்ந்தேன். விளக்கினேன். தலையாட்டினாள்.

தேர் நெருங்கியது. கூப்பினாள். இருட்டு.

மறுபடியும். மறுபடியும்.

"கைய சேக்காதக்கா! எத்தினி வாட்டி சொல்றது?"

"சாமி வருதுடா. கை தானா எழும்புது, நான் இன்னாடா பண்ணட்டும்?"

கத்திவிட்டேன். சால்டரிங்கில் சுட்ட விரல் வேறு எரிச்சல்.

ஆனி 5, வெள்ளி

வெயில். அக்காவின் வலக்கையில் ஒரு டம்ளரைக் கொடுத்து, விடாமல் பிடிக்கச் சொன்னேன். தேர் வந்தது. டம்ளர் கட்டிலுக்கடியில். இருட்டு.

வாசற்படியில் என் மனைவி சுகுணாவின் சிரிப்பு. "சாமிய பாத்து கும்புடாதன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க."

விதி தெளிவாக இருக்கிறது. பின்பற்றத்தான் இவ்வீட்டில் ஆளில்லை.

வாங்க: செப்பு நாடா, பேட்டரி, அக்காவின் மாத்திரை.

ஆனி 7, ஞாயிறு

மேகமூட்டம். அக்கா கண்ணாடியைத் தொடவே மறுக்கிறாள். காலையில் சுகுணாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது:

"வேணாம்மா. கிட்ட வருது, நான் கும்புட்டதும் மறைஞ்சி பூடுது. என் மூஞ்சிய பாக்க அதுக்கே இஷ்டமில்ல போல."

அறிவுகெட்டவன். அந்த விதியை எழுதியது சாமியா? நான்.

படத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். தேரின் இருபுறமும் கூப்பிய கைகள். கேமராவைப் பிடித்திருந்த என் கைகளைத் தவிர, அத்தனையும். இதைத் தற்செயலாக நிகழாத சைகை என்று எழுதியிருக்கிறேன். விரிவுரையாளராம்!

இன்று மாலைக்குள் விதியை மாற்றுவேன். காட்சியை முடிக்கக் கட்டிலோரம் ஒரு பொத்தான் போதும். உள்ளங்கைகள் சேர்ந்தால் தேர் அவள் முன்னே நிற்கும். அவள் கையை இறக்கும்வரை நகராது.