அலமாரித் தட்டில் விரித்த தாள்

அன்பு மகளுக்கு,

என் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள். ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் எழுதுவது நானேதான், அம்மாடி! முதியோர் வகுப்பில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பஸ் போர்டு, மருந்து அட்டை, சோப்பு உறை, எதையும் விடுவதில்லை. "மனசுக்குள்ள படிங்க தாத்தா, தெருவே முழிச்சுக்குது" என்கிறாள் பக்கத்து வீட்டு டீச்சர்.

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது, பாத்திரங்களுக்கு அடியில் விரித்திருந்த தாளையும் படித்தேன். முதல் வரியிலேயே உன் பெயர். நீ எத்தனை வருடம் கப்பலில் வேலை செய்தாய் என்று உன் கம்பெனி கொடுத்த சான்றிதழ்.

போன வருடம் போனில் கேட்டாயே, "அப்பா, கம்பெனித் தபால் வந்துச்சா? அது இல்லாம கேப்டன் பரீட்சை எழுத முடியாது, வெளிநாட்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது." "ஒண்ணும் வரலம்மா" என்றேன். அந்தத் தபாலைக் கைநாட்டு வைத்து வாங்கியவனே நான்தான். டீச்சரிடம் காட்டச் சொல்லியிருந்தாய். அந்தச் சின்னப் பெண்ணிடம் போய் நிற்க வெட்கப்பட்டு, விளம்பரம் என்று நானே முடிவுகட்டி, அலமாரியில் விரித்துவிட்டேன். அனுப்பியதாகச் சத்தியம் செய்த குமாஸ்தாவை நீ திட்டினாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பிறகு கம்பெனியையே மூடிவிட்டார்கள், வேறு பிரதி கேட்கவும் வழியில்லை. உனக்கு ஒரு வருடம் வீணாகிவிட்டது.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூலையில் எண்ணெய்க் கறை; எழுத்தில் படவில்லை. அடுத்த மாதப் பரீட்சைக்கு மனு போட்டுவிடு.

அடுத்த வாரமும் எழுதுகிறேன். என்னைத் திட்டுவதானால் போனில் வேண்டாம், எழுதியே திட்டு. யாரிடமும் காட்டாமல் நானே படித்துக்கொள்கிறேன்.

உன் அப்பா