மூன்று நிமிடம் ஐந்து விநாடி

லாபு,
14.3.1999

அன்பு மகள் திலகவதிக்கு அம்மா செல்லம் எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் பூனையும் மோரிஸ் காரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நால்வரில் இருவரைப் பற்றி அப்படி எழுதினால் பொய்யாகிவிடும், நானும் பூனையும் சுகம். நீ அந்தக் கிளாஸ்கோ குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க நம் மாரியம்மனை வேண்டிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், நான் ரிசீவரை எடுத்ததுமே அப்பா பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார் என்பது உனக்குத் தெரியும், அதனால் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் இதை எழுதுகிறேன். பெரிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் ஒளித்து வைத்தால் நீ பயந்துகொண்டே தேடுவாய். நவம்பரிலிருந்து அப்பா உனக்கு எழுதி அனுப்பிய கார் ரேஸ் நேரங்கள் அத்தனையும் பொய். மோரிஸை இரண்டு நிமிடம் முப்பத்து மூன்று விநாடியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன், உன்னைப் பிடிக்க இன்னும் இரண்டே விநாடிதான் என்று எழுதினாரே, அது நடக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் ஆட்கணக்கு எழுதும் கிராணியாக இருந்து, ஒருவருடைய அரை நாளைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர், கடைசியில் பெற்ற மகளுக்குப் பொய் எழுதியிருக்கிறார், அதுவும் டிவிக்குள் ஓடும் காருக்காக.

நீ போகும்போது அந்தக் கேம் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பாரா, ஒரு நாள் துணியை எடுத்துவிட்டார். அந்தக் கடலோர ரோட்டுப் பந்தயத்தில் பழைய கார்கள் என்று பதினொன்று வைத்திருக்கிறார்கள் இல்லையா, அதில் நம் வீட்டுக் காரைப் போலவே பச்சை மோரிஸ் மைனர் ஒன்று நிற்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வீட்டில் புருஷன் இல்லை, ஒரு ரேஸ்காரர்தான் இருந்தார். அலமாரியில் எழுதாமல் கிடந்த பழைய செக்ரோல் வருகைப் புத்தகத்தை எடுத்தார், தோட்டத்தில் ஆட்களின் பெயர் எழுதும் பத்தியில் ஜாகுவார், டட்சன், மினி, வோக்ஸ்வேகன், ஆஸ்டின், மோரிஸ் என்று வரிசையாக எழுதினார், நாள் வருகை குறிக்கும் கட்டங்களில் நேரத்தை எழுதினார். ஒவ்வொரு காரையும் ஐந்து சுற்று விட்டு, கூட்டி, ஐந்தால் வகுத்து, சராசரிக்குக் கீழே கோடு போடுவார். ஜாகுவார் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் வரும், என்றைக்காவது ஒன்று ஐம்பத்தெட்டில் வந்துவிட்டால், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்த பிறகு வந்த ஆளைத் திட்டுவது போல நிற்கவைத்துத் திட்டுவார். முச்சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பக்கீர் முகம்மது பாய் அந்தக் காலத்தில் ஆஸ்டின் ஓட்டியவர், கடைக் கூட்டம் குறைந்ததும் அவரும் வந்து உட்கார்ந்துகொள்வார். செப்டம்பரில் ஆஸ்டின் இரண்டு முப்பத்தாறு, நம் மோரிஸ் இரண்டு முப்பத்தெட்டு. அந்த இரண்டு விநாடிக்காக இரண்டு பேருக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை, விநாடிக்கு ஒரு நாள்.

நவம்பரில் மோரிஸ் இரண்டு நாற்பத்தேழுக்குப் போனது, டிசம்பரில் இரண்டு ஐம்பத்தைந்து. மோரிஸ் மட்டும் என்றால் பரவாயில்லை, ஜாகுவாரும் ஆஸ்டினும் எல்லாமே ஒன்றாகப் பின்தங்கின. இதற்கு உன் அப்பா கண்டுபிடித்த காரணம், கார்களுக்கு வயதாகிவிட்டது, நாலு மாதமாக ஓடுகின்றன, சர்வீஸ் என்று ஒன்று செய்யவில்லை. நான் சிரித்ததற்கு, ஓடுகிற எதுவும் தேயும், உனக்கு என்ன தெரியும் என்றார். பக்கீர் பாய், மெஷின் சூடாயிருச்சுலா கிராணி, கொஞ்சம் காத்து படட்டும்லா என்று சொல்லப்போக, என் தலைமாட்டில் சுழன்ற மேஜை விசிறி அன்றிலிருந்து மெஷினுக்குப் போய்விட்டது, நான் வேர்வையில் படுத்தேன். டிஸ்கை மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தார், சிரம்பான் பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் புது டிஸ்க் வாங்கி வந்தார், பந்தயம் தொடங்கியதும் எஞ்சின் சூடாகட்டும் என்று இரண்டு நிமிடம் நகராமலே நிற்கவைத்தார். விளையாட்டுக் காருக்கு எண்ணெய் மாற்ற வேண்டுமா என்று உனக்கு எழுதினாரே, நீ தமாஷ் என்று நினைத்துச் சிரித்து எழுதிவிட்டாய், அவர் அந்தப் பதிலுக்காகத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக நாற்காலியை டிவிக்கு ஒரு முழம் வரை இழுத்துப் போட்டுக்கொண்டார். கிட்டே போகப் போக நேரம் இன்னும் மோசமானது. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி நீல மையில் எழுதிவிட்டு, அதே பேனாவால் உனக்கு வேறு நேரத்தை எழுதினார்.

ஜனவரியில் ஒரு நாள் அவர் பின்னால் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே பார்த்தேன். அந்த ரோட்டில் பன்னிரண்டு வளைவு. வலது பக்கச் சுவரில் ஒரு தடவை கூட மோதவில்லை, இடது பக்கச் சுவரில் அத்தனை தடவையும் மோதுகிறார், மோதிவிட்டு, சுவர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். எனக்கு என்னவோ போல் இருந்தது, நெத்திலியைப் போட்டுவிட்டு வெளியே வந்து நம் காரைச் சுற்றி வந்தேன். வலது பக்கம் கல்யாணப் பெண் போல இருக்கிறது. இடது பக்கம் மட்கார்டில் மூன்று கீறல், கண்ணாடியைச் சணலால் கட்டி வைத்திருக்கிறார், கேட்டின் இடது தூணில் ஓர் அடிக்குப் பச்சைப் பெயிண்ட். போன மழைக்குக் கேட் கொஞ்சம் நகர்ந்துவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார், நானும் நம்பினேன். அவருக்கு இடது பக்கம் கண் தெரியவில்லை திலகா. தினமும் காலையில் அந்தக் கண்ணோடுதான் பாசாருக்குக் காய்கறி வாங்க ஓட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறார்.

கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். நாற்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒரு சம்மன் உண்டா என்று குதித்தார். என்னிடம் சாவியைக் கொடுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றதும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது என்பது உலகத்தில் உனக்கும் அதைப் புதுப்பித்துத் தரும் போஸ்டாபீஸ்காரனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நீ வயிற்றில் இருந்த வருஷம் சிரம்பானில் முதல் தடவையிலேயே பாஸ் ஆனேன், உன் அப்பா மூன்றாவது தடவையில் பாஸ் ஆனார், இதை நான் யாரிடமும் சொல்வதில்லை, உன்னிடம் மட்டும் இது நூறாவது தடவையாக இருக்கும். பாஸ் ஆன கையோடு, ரோடு சரியில்லை, கொஞ்சம் பொறு என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார், இருபத்து நாலு வருஷமாக ரோடு சரியாகவில்லை. ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றி இறக்குவது மட்டும் என் பங்கு. ஆகையால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். டிவியில் என் எதிரே மோரிஸை ஓட்டு, என்னை ஜெயித்துவிட்டால் சாவி உனக்கு, நீ எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன், ரேஸ் என்ன ரோடு என்ன, ஓட்டத் தெரிந்தவன் எதிலும் ஓட்டுவான் என்றார். பக்கீர் பாய் சாட்சி.

மூன்று வாரம் அவர் தூங்கும் மத்தியானங்களில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகினேன். முதல் நாள் கடலுக்குள் போய்விட்டேன், பூனை எழுந்து போய்விட்டது. எனக்கு வேகம் வராது, ஆனால் எங்கேயும் மோதாமல் போகத் தெரியும், சமையல்கட்டில் முப்பது வருஷம் அதைத்தானே செய்தேன். பிப்ரவரி இருபதாம் தேதி பாய் முன்னால் உட்கார்ந்து ஓட்டினோம். அவர் மூன்று நிமிடம் ஐந்து விநாடி. நான் இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்பது. ஆறு விநாடியில் ஜெயித்தேன். பாய் மெதுவாக, தங்கச்சி ஜெயிச்சிருச்சுலா என்று சொல்லிவிட்டு, கடையில் அடுப்பு எரிவது ஞாபகம் வந்து போய்விட்டார். உன் அப்பா புத்தகத்தை மூடிவிட்டு, விளையாட்டு வேற ரோடு வேற என்றார். சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது, நான் அழுதுவிட்டேன், ஜெயித்தும் அழுதது நானாகத்தான் இருப்பேன்.

நாலாம் நாள் காலை பாசாருக்குப் போய் வந்து, போக வர பதினேழு நிமிடம் என்று பெருமையாகப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் பஞ்சாலை வந்து நின்றாள், நம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் சீவியவள், இப்போது கங்குங் கீரை கட்டி சைக்கிளில் வைத்து விற்கிறாள். சேலை முழுக்கச் சகதி, முழங்காலில் ரத்தம். அவள் சொன்னது என்ன தெரியுமா, கிராணி ஐயா வர்ற நேரம் பார்த்து நான் குறுக்க வந்துட்டேம்மா, ஐயா காருக்கு ஏதும் கீறலு விழுந்திருக்குமோன்னு பார்த்துட்டுப் போக வந்தேன். குறுக்கே எங்கே வந்தாள், ரோட்டின் இடது ஓரத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறாள், அதற்கு மேல் ஓரம் என்றால் லோங்காங்தான், அங்கேதான் சைக்கிளும் கீரையும் அவளுமாகச் சாக்கடைத் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறார்கள். காரில் அடிபட்டவள் காருக்கு அடிபட்டதா என்று விசாரிக்க நொண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். உன் அப்பா எழுந்து வந்து, எந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்தே என்று மட்டும் கேட்டார். இடது கைப் பக்கங்க ஐயா என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது, ஏதோ சத்தம் கேட்டதாம், கல் என்று நினைத்தாராம். நான் அவளுக்குக் கால் கழுவி மருந்து போட்டு உள்ளே வந்தபோது, அந்தப் பதினேழு நிமிடத்தின் மேல் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சிவப்புப் பேனா உனக்குத் தெரியும், தப்பைத் திருத்த மட்டும் எடுப்பார், தோட்டத்தில் வருஷத்துக்கு நாலு தடவை எடுத்திருந்தால் அதிகம்.

மறுநாள் காலையில் நான் கோலம் போட வெளியே வந்தால், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காரின் இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். சாவி ஸ்டியரிங் பக்கத்தில் தொங்குகிறது. கோலமாவைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். லாபுவிலிருந்து சிரம்பானுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஓட்டினேன், எங்களை முந்திப் போகாத வண்டி இல்லை, ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்துவிட்டுக் கும்பிடு வேறு போட்டான். முச்சந்தியில் பக்கீர் பாய் கடையில் பரோட்டா சாப்பிட்டவர்கள் கையைக் கழுவாமல் எழுந்து பார்த்தார்கள். டாக்டர் சொன்னது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, போனது வராது, இன்னும் போகாமல் காப்பாற்றலாம், வாழ்நாள் முழுக்க சொட்டு மருந்து, கார் ஓட்டவே கூடாது. வலது கண் தப்பித்தது இப்போதாவது வந்ததால்தான் என்றார். திரும்பி வரும்போது அப்பா சொன்ன ஒரே வார்த்தை, கியரை மாத்து, ரெண்டாவதுலயே ஓடுது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது திலகா, ஆனால் முன்பிருந்த பயம் இல்லை. தினமும் நாலு வேளை சொட்டு மருந்து நான் விடுகிறேன், அதற்கும் புத்தகத்தில் ஒரு பத்தி போட்டிருக்கிறார். நான் ஓட்டும் நேரத்தையும் எழுதுகிறார், ஐம்பத்தைந்து இப்போது நாற்பத்தேழு, இதற்கு மேல் குறைக்கக் கூடாது என்று அவரே உத்தரவு போட்டிருக்கிறார். பஞ்சாலையின் கீரைக் கட்டுகள் வாரம் இரண்டு நாள் நம் காரின் பின்சீட்டில் போகின்றன, அவள் முன்சீட்டில் ஏறமாட்டேன் என்கிறாள், ஏற்றாமல் விடப்போவதில்லை நான். உன் இரண்டு முப்பத்தொன்று இன்னும் மெஷினில் முதல் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. திலகாவுக்குச் சொல்லாதே, நர்ஸ் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள் என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் தரவில்லை. நீ வர வேண்டாம், அவரைத் திட்டவும் வேண்டாம். அவ்வளவு பேருக்கு நோய் பார்க்கும் உனக்கே உன் அப்பா கண் தெரியவில்லை என்று வருத்தப்படாதே, பக்கத்தில் படுத்தவளுக்கே நாலு மாதம் ஆயிற்று. சொட்டு மருந்து பற்றி உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது, அவர் பெயருக்கே எழுது.

ராத்திரி டூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கிவிடாதே, தலைக்கு எண்ணெய் வை, அந்த ஊர் ரொட்டியை நம்பி இராமல் ஒரு வேளையாவது சோறு சாப்பிடு. அம்மன் அருளால் உனக்கு ஒரு குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கண்ணையும் அங்கே ஒரு தடவை காட்டிவிட வேண்டும், இது அப்பா வழியில் வருமாம், மறக்காதே.

என்றும் உன் அன்பு அம்மா,
செல்லம்

பின்குறிப்பு: கவரை ஒட்டாமல் வைத்துவிட்டுக் கறி வாங்கப் போய் வந்தேன், அதற்குள் உன் அப்பா எழுந்து இதை முழுக்கப் படித்திருக்கிறார். கிழித்துப் போடுவார் என்று பயந்தேன். நான் எழுதியதில் வேறு எங்கும் கைவைக்கவில்லை, மூன்றாவது முறை பாஸ் ஆனதைக்கூட விட்டுவிட்டார். மூன்று நிமிடம் ஐந்து விநாடி என்று நான் எழுதிய இடத்தை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே மூன்று நிமிடம் இருபத்திரண்டு என்று எழுதி, கீழே தன் கையெழுத்தும் போட்டிருக்கிறார், நீ பார்த்திருப்பாய். உண்மை அதுதான். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நான்தான் அதில் பதினேழு விநாடியைக் குறைத்து எழுதியிருந்தேன். ஆக நான் அவரை ஜெயித்தது ஆறு விநாடியில் இல்லை திலகா, இருபத்து மூன்று விநாடியில்.