ஆகாயத்துக்கு எழுதிய ஏழு எழுத்து

மச்சான்,

இன்று கஹவத்தை டவுனில் என் மகள் வேலை செய்யும் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். வானத்திலிருந்து எடுத்த படத்தில் நம் தோட்டத்தைக் காட்டினாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே, எட்டு வீடும் ஒட்டி நிற்கும் நம் லயத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டேன். ஏழு கூரை வெள்ளை, எட்டாவது துருச் சிவப்பு. அந்தத் துரு என் வீடு. பாவி, எல்லாம் உன்னால் வந்தது.

அந்த மழைக்காலத்தில் உன் மகள் பிள்ளை பெற வரப்போகிறாள். உன் வீட்டிலோ ஒழுகாத மூலை இல்லை. தோட்ட ஆபீசுக்குக் கொடுத்த மனுவெல்லாம் அங்கேயே மக்கிப்போயின. "பச்சப்புள்ள தலையில தண்ணி சொட்டுனா நான் என்னடா செய்வேன்?" என்று என் முன்னால் அழுதாய். மறுவாரம், வடை சுற்றிவந்த பேப்பரோடு ஓடிவந்தாய். அதில் வானத்தில் சுற்றி உளவு பார்க்கும் செய்மதி பற்றிப் போட்டிருந்தது.

"ஓரடி சாமான் அதுக்குப் புள்ளியாத் தெரியுமாம். எழுத்து ஆளுயரம் இருந்தா வாசிச்சிருவான்."

"யாருடா?"

"எவனோ ஒரு நாட்டுக்காரன். அவன் ஆமிக்குச் சொல்லுவான், ஆமி நம்ம தோட்டத்துத் தொரைக்குச் சொல்லும்."

மேகத்துக்குள்ளும் கூரைக்குள்ளும் அதற்குக் கண் தெரியாது என்றும் படித்திருந்தாய். அதனால், மழை ஓயாத நம் ஊரில் வெயிலுக்காகக் காத்திருந்தாய். ஒன்பதாம் நாள் கோயில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, வீட்டுக்கு ஓர் எழுத்தாக, இங்கிலீஷில் 'ரூஃப் லீக்' என்று எழுத ஏறினாய். எட்டு எழுத்து, எட்டு வீடு. நான் பயந்தாங்கொள்ளி. வடக்கே சண்டை நடக்கிற காலத்தில் ஆமி துப்பாக்கியோடு வந்து கேட்டால் என்ன சொல்வது? என் கூரைக்கு வந்ததும் ஏணியை இழுத்துக்கொண்டேன். "போடா, நனைஞ்சு சாவு" என்றாய்.

செய்மதி பார்த்ததோ என்னவோ, மேட்டு பங்களாவிலிருந்து தொரை பார்த்துவிட்டார். கடைசி எழுத்து இல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. ஆமி ஹெலிகாப்டர் கண்ணில் பட்டால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று உதறல். எழுத்தை மூட அன்று மாலையே லொறியில் புதுத் தகரம் வந்தது. "எழுத்தில்லாத கூரைக்கு என்னா அவசரம்?" என்று கணக்கப்பிள்ளை என்னைத் தாண்டிப் போனார். உன் பேத்தி சொட்டுத் தண்ணீர் படாமல் பிறந்தாள்.

தொரைமார் மாறினார்கள், என் தகரம் மாறவில்லை. மழை வலுத்தால் நம் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரைத் தட்டுவாய். "வாடா கோழை, பாயை எடுத்துக்கிட்டு." எத்தனை வருடம் உன் வீட்டில் படுத்திருப்பேன்.

"இது பழைய படம்ப்பா, ரெண்டு வருசத்துக்கு முந்தினது" என்றாள் மகள். நீ கண்ணை மூடி எட்டு மாதம்தான். அப்படியானால் இந்தப் படத்தில் நீ இருக்கிறாய். பெரிதாக்கச் சொன்னேன், இன்னும் பெரிதாக்கச் சொன்னேன். தகரம்தான் வந்தது. அதற்குக் கூரைக்குள் கண் தெரியாது என்று நீ அன்றே சொன்னாய்.

நேற்றைய மழைக்கும் பாயைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், மச்சான். சுவரை யாரும் தட்டவில்லை.